இலங்கைக்கு நண்பர்களோடு ஒரு பயணம்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

பொருநைக்கரையான் (திருநெல்வேலி நகரம்)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் உடன் படித்த நண்பர்கள் ஐவர் சேர்ந்து வருகிற ஆவணி மாதத்தில் இலங்கைக்குப் போய்வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். எங்களில் மூவருக்கு இதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். ஒருவர் மலையேற்றப் பிரியர். ஒருவருக்குக் கோயில், கல்வெட்டு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மற்றொருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவர் எங்கே போனாலும் படம் பிடித்துக்கொண்டே பின்தங்கிவிடுவார். கணக்கு வழக்கு என் பொறுப்பு.

கையில் இருப்பது ஒரு வாரம். கொழும்பு, கண்டி, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, எல்ல, தம்புள்ளை, சிகிரியா, அநுராதபுரம், பொலன்னறுவை, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். இதைச் சீர்செய்து தர இயலுமா? ஏற்கெனவே போய்வந்தவர்கள் தயங்காமல் வெட்டலாம்.

மறுகால் (சுத்தமல்லி)

தம்பி, பட்டியலில் உள்ள இடங்கள் அனைத்தும் பார்க்கத் தகுந்தவைதாம். ஆனால் ஒரே வாரத்தில் இத்தனைக்கும் போனால் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் வேனின் சன்னல் வழியே ஓடும் சாலையை மட்டுமே. இலங்கை வரைபடத்தில்தான் சிறிய நாடு. மலைப்பாதையில் அறுபது கிலோமீட்டர் போவதற்கு அரை நாள் வேண்டும்.

என் யோசனை இது. மலைநாட்டையும் யாழ்ப்பாணத்தையும் அடுத்த பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, அநுராதபுரம், கலாவாவி, சிகிரியா, மின்னேரியா, பொலன்னறுவை, திருகோணமலை என்ற வட மத்திய, கிழக்குப் பகுதியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். இந்த இடங்களையெல்லாம் ஒன்றோடொன்று கோத்திருப்பவை குளங்கள். நான் பொதுப்பணித் துறையில் மதகுகளோடும் கால்வாய்களோடும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன், ஆகவே என் பார்வை ஒரு பக்கம் சாய்ந்ததுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் அந்த நாட்டுக்குப் போய்க் குளங்களைப் பார்க்காமல் கற்களை மட்டும் பார்த்துவிட்டு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிகிரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அந்தக் குன்றின் மேல் ஏறுகிறார்கள், சிங்கப் பாதங்களின் முன்னே நின்று படம் எடுக்கிறார்கள். அந்தக் கோட்டையைக் கட்டிய காசியப்பன் (ஆட்சி 477 முதல் 495 வரை) தன் தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறியவன். கொல்வதற்கு முன் புதையல் எங்கே என்று தந்தையிடம் கேட்டதாகவும், தாதுசேனன் தான் வெட்டுவித்த கலாவாவிக் குளத்துக்கு அழைத்துச் சென்று, நீரில் இறங்கிக் குளித்து, அந்த நீரைக் கையால் அள்ளிக் காட்டி, தன் செல்வம் முழுவதும் இவ்வளவே என்று சொன்னதாகவும் இலங்கையின் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. ஆண்டு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஆயிற்று. மகனின் கோட்டை வெறும் அடித்தளங்களாக நிற்கிறது. தந்தையின் குளத்து நீரில் இன்றும் நெல் விளைகிறது. முதலில் கலாவாவிக் கரையில் ஒரு மாலைப்பொழுது இருந்துவிட்டு, மறுநாள் காலையில் சிகிரியாவில் ஏறிப் பாருங்கள். அந்தக் குன்று வேறு மாதிரியாகத் தெரியும்.

கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திஸ்ஸவாவிக்கு நீர் கொண்டுபோகும் ‘யோத எல’ என்ற கால்வாய் ஏறத்தாழ 87 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் முதற்பகுதியில் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில்தான் சரிவு இருக்கிறது. நில மட்டம் அளக்கும் லெவல் கருவியும் ஸ்டாஃபும் பிடித்து வேலை செய்த எனக்கே அந்தக் கணக்கு மலைப்பாக இருந்தது. கரையும் ஒரு பக்கம் மட்டும்தான். மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டிருப்பதால் வழியில் வடியும் மழைநீரையும் கால்வாய் வாங்கிக்கொள்கிறது.

கழுகுமலை வழிப்போக்கன்

குறுக்கே ஒரு வார்த்தை. கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களையும், திருப்புடைமருதூர்க் கோபுரத்தில் உள்ள ஓவியங்களையும், எங்கள் கழுகுமலை வெட்டுவான் கோயிலையும் இந்த ஐவரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? ஒரு மணி நேரப் பயணத்தில் இருப்பதை விட்டுவிட்டுக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போவது எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அக்கரைப் பச்சை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

பொருநைக்கரையான்

மூன்றையும் பார்த்திருக்கிறோம் ஐயா, கிருஷ்ணாபுரத்தைப் பள்ளிச் சுற்றுலாவிலேயே பார்த்தாயிற்று. ஆனால் கேள்வி நியாயமானது.

பாளைத் தமிழாசிரியை

வழிப்போக்கன் அவர்களே, தங்கள் கேள்விக்குள்ளேயே விடையும் இருக்கிறது. வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்தான் பொலன்னறுவையின் கல் விகாரைக்கு முன்னால் அதிக நேரம் நிற்பார். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்ட கோயில் நம்முடையது. அங்கேயோ ஒரே நீண்ட பாறை முகத்தில் புத்தரை அமர்ந்தும், நின்றும், படுத்தும் இருக்கும் நிலைகளில் வடித்திருக்கிறார்கள். படுத்திருக்கும் உருவம் மட்டும் ஏறத்தாழ 14 மீட்டர் நீளம். அந்தப் பாறையின் இயற்கையான வரிகள் அப்படியே முகத்தின் மீதும் ஆடையின் மடிப்பின் மீதும் குறுக்காக ஓடுகின்றன. தலைவைத்திருக்கும் தலையணை, தலையின் பாரத்தால் சற்றே அமுங்கியிருப்பது போலக் கல்லில் ஒரு பள்ளம் காட்டியிருக்கிறான் சிற்பி. அதை நான் தோழியரிடம் சுட்டிக் காட்டியபோது, கழுகுமலைப் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களைப் பற்றிய பேச்சுத்தான் எங்களுக்குள் வந்தது. ஊரில் பார்த்ததுதான் அங்கே உதவியது.

நாங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சிலர் சேர்ந்து போனோம். மறுகால் அண்ணாச்சி சொன்ன வழியைத்தான் நானும் சொல்வேன், ஆனால் குளங்களுக்காக மட்டும் அல்ல. பொலன்னறுவையில் இரண்டாம் சிவ தேவாலயம் என்று எண்ணிட்டு வைத்திருக்கும் கற்கோயிலைத் தவற விடாதீர்கள். சோழர் 993இல் அநுராதபுரத்தைக் கைப்பற்றியபின் பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டுத் தங்கள் தலைநகராக வைத்துக்கொண்டார்கள். 1070இல் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றும் வரையில் அந்த நிலை நீடித்தது. அந்தக் காலத்தில் எழுந்த இக்கோயிலின் பெயர் வானவன்மாதேவி ஈசுவரம் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டால் தெரிகிறது. முதலாம் இராசேந்திரனின் தாயின் பெயர் அது. சிறிய கோயில்தான். நம் ஊர்ப் பக்கத்துச் சோழர், பாண்டியர் காலத்துச் சிறு கற்றளி ஒன்றைப் பெயர்த்துக்கொண்டுபோய் வைத்ததுபோல இருக்கிறது. செங்கல்லால் ஆன பெரிய கட்டடங்களெல்லாம் சுற்றிலும் சிதைந்து நிற்க, கல்லால் கட்டிய இது ஏறத்தாழ முழுமையாக நிற்கிறது.

அதே நகரில் தந்தக் கோயில் வளாகத்துக்குள் வேளைக்காரர் கல்வெட்டு என்று ஒரு பெரிய பலகைக்கல் நிற்கிறது. புத்தரின் பல்லைப் பாதுகாப்பதாகத் தமிழ்ப் படைவீரர்கள் உறுதியெடுத்துத் தமிழில் பொறித்த சாசனம் அது. அங்கே படையெடுத்தவரும் தமிழர், காவல் காத்தவரும் தமிழர். ஒரு பக்கத்து வரலாற்றை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தக் கல் நல்ல மருந்து.

தென்காசிச் சாரல்

மலையை அடியோடு வெட்டிவிட்டீர்களே! நண்பர்களில் ஒருவர் மலையேற்றப் பிரியர் என்று எழுதியிருப்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2100 மீட்டருக்கு மேல் இருக்கும் புல்வெளி. பள்ளங்களில் நம் சோலைக்காடுகளைப் போலவே குட்டையான, பாசி படர்ந்த மரங்கள். ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடந்தால் ‘உலக முடிவு’ என்று அழைக்கப்படும் செங்குத்தான பள்ளத்தாக்கின் விளிம்பும், பேக்கர் அருவியும் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் சேர்த்து ஒரே உயிர்ப்பன்மை வளமையமாக உயிரியலாளர்கள் கணக்கிடுவதற்குக் காரணம் அங்கே நடந்தால் புரியும். களக்காடு முண்டந்துறையில் அலைந்தவருக்கு மரமும் மண்ணும் பழக்கமானவையாகவே தோன்றும், ஆனால் காட்டின் உயிர்கள் மாறியிருக்கும். சிங்கவால் குரங்கு அங்கே கிடையாது, ஊதாமுக மந்தி இருக்கும். புலி இல்லாத காடு ஆகையால் சிறுத்தைதான் அங்கே அரசு. இதை நம்மவர் பார்க்க வேண்டாமா?

மறுகால்

பார்க்க வேண்டியதுதான் தம்பி, ஆவணியில் வேண்டாம் என்கிறேன். நமக்குக் குற்றாலச் சாரலைத் தருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இலங்கையின் மேற்குச் சரிவிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டுகிறது. மலையைத் தாண்டிய பிறகு வடக்கிலும் கிழக்கிலும் வெறும் வறண்ட காற்றாக இறங்குகிறது. கச்சான் காற்று என்பார்கள். ஆகவே ஆவணியில் உலக முடிவுக்குப் போனால் மூடுபனியின் விளிம்பில் நின்று பனியைப் பார்த்துவிட்டு வரலாம். அதே நேரத்தில் திருகோணமலைக் கடல் குளம் போலக் கிடக்கும். மலைக்குத் தை, மாசியில் போகட்டும். அப்போதும் காலை ஒன்பது மணிக்குள் விளிம்பை அடைந்துவிட வேண்டும், பிறகு மேகம் ஏறிவிடும்.

மலையேற்ற நண்பருக்குச் சிகிரியாவுக்கு எதிரே உள்ள பிதுரங்கலைக் குன்று போதுமானது. கடைசிப் பகுதியில் கைகளையும் பயன்படுத்தித்தான் பாறைகளின் மேல் ஏற வேண்டும். விடியலில் ஏறினால் சிகிரியாக் குன்று முழுவதும் எதிரே தெரியும். சிகிரியாவின் மேல் நிற்பவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது. முழங்கால் வலிக்காரர் அந்த நேரத்தில் சிகிரியாவின் அடிவாரத்து நீர்த்தோட்டங்களில் உலவட்டும். மழைக்காலத்தில் அங்குள்ள நீரூற்றுகள் இன்றும் வேலை செய்கின்றன.

ஆவணியில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மின்னேரியாக் குளம், மகாசேனன் என்ற அரசன் மூன்றாம் நூற்றாண்டில் கட்டியது. கோடையில் நீர் வற்றிக் குளத்தின் உள்வாய் வெளிப்பட்டவுடன் இளம்புல் முளைக்கிறது. சுற்றுக் காடுகளில் நீரும் தீனியும் குறைந்த யானைகள் நூற்றுக்கணக்கில் அந்தப் புல்லுக்காக மாலை வேளைகளில் இறங்குகின்றன. குட்டியைக் கால்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு, புல்லைத் துதிக்கையால் சுருட்டி, முன்னங்காலால் எற்றி வேரோடு பிடுங்கி, மண்ணை உதறிவிட்டு வாயில் இடும் தாய் யானையை இருபதடி தொலைவில் நின்று பார்க்கலாம். மனிதன் கட்டிய ஒரு பாசனக் குளம்தான் இந்தக் கூட்டத்துக்கே காரணம். இயற்கைக் காட்சியா, வரலாற்றுச் சின்னமா என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம் அது. சீப் ஓட்டுநர்கள் யானையை நெருக்கிக்கொண்டு போவார்கள். வேண்டாம் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தென்காசிச் சாரல்

பருவக்காற்றைச் சொன்ன பிறகு வாதாட வழியில்லை. ஆனால் மலைநாட்டைப் பற்றி இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். அங்கே தேயிலைத் தோட்டத்தின் நடுவே தொடர்வண்டியில் போவதை அழகுக்காக மட்டும் எழுதுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்கும், 1869 முதல் இலைத்துரு நோயால் காப்பி அழிந்தபின் தேயிலைக்கும் நம் தென்மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பலர் திரும்பி வந்ததும் நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். மாஞ்சோலை லயன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நுவரெலியாவின் லயன்களைப் பார்த்துப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு நகர மனம் வராது. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கித்தான் போக வேண்டும். அந்த வகையில் இப்போது விட்டுவிடுவதே நல்லது.

பொருநைக்கரையான்

மறுகால் அண்ணாச்சி, குளங்களைப் பற்றிப் படித்தபோது ‘பிசோகொட்டுவ’ என்று ஒன்று வருகிறது. அது என்ன? எங்கே பார்க்கலாம்?

மறுகால்

கரையின் உட்பக்கத்தில், மதகுக் குழாயின் பாதையில் கட்டப்பட்ட சதுரமான கிணறு போன்ற தொட்டி அது. பெரிய குளத்தில் நீரின் ஆழம் கூடும்போது மடையின் வழியே பாயும் நீரின் அழுத்தமும் கூடும். தடுப்பில்லாமல் விட்டால் நீர் குழாயின் சுவரையே அரித்துக் கரையை உடைத்துவிடும். இந்தத் தொட்டியில் நீரின் வேகத்தை அடக்கி, பலகையை ஏற்றி இறக்கி, வேண்டிய அளவு மட்டும் வெளியே விட்டார்கள். ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர்தான் இன்றைய அணைகளில் நீரைத் திறந்து மூடும் அடைப்பிதழ்க் கோபுரங்களுக்கு இதுவே முன்னோடி என்று முதலில் எடுத்துச் சொன்னார். நம் பாண்டிநாட்டுக் குளங்களில் கல்தூண் நட்டு அமைத்த குமிழி மடையும் இதே சிக்கலுக்கு வேறொரு விடைதான். பல குளங்களில் பழைய மடையின் கற்கள் கரையை ஒட்டியே கிடக்கின்றன. உள்ளூர் விவசாயி ஒருவரிடம் கேட்டால் நேரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவார்.

அநுராதபுரத்தில் எல்லோரும் தாதுகோபங்கள் என்ற பௌத்தத் தூபிகளை அண்ணாந்து பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். மின்னேரியாவைக் கட்டிய அதே மகாசேனன் தொடங்கிய ஜேதவனாராமய, கட்டிய காலத்தில் ஏறத்தாழ 122 மீட்டர் உயரம். கீசாவின் இரண்டு பிரமிடுகளைத் தவிர அன்றைய உலகில் அதைவிட உயர்ந்த கட்டடம் கிடையாது. ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை செங்கல் அறுக்கவும் சுடவும் வேண்டிய ஆட்களுக்குச் சோறு போட்டது எது என்று நினைத்துப் பாருங்கள். குளம்தான்.

ஏரல் வணிகர்

வரலாற்றைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கொழும்புக்கு வணிகமாகப் போய்வருபவன், கைக்கு உதவுகிற சிலவற்றைச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு. நெல்லையிலிருந்து எது மலிவோ அதைப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய கப்பல் நடுவில் நின்று மறுபடி ஓடுகிறது. ஆனால் உங்கள் வழிக்கு அது சுற்று. கடல் சீறினால் இரத்தும் ஆகும். பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். அதன் விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பதால் இலங்கை அரசின் தளத்தில் மட்டும் பாருங்கள். அதே தோற்றத்தில் நடத்தப்படும் தரகர் தளங்களில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. தொல்லியல் இடங்களில் சார்க் நாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் இருக்கிறது, ஆனால் கடவுச்சீட்டை அசலாகக் காட்ட வேண்டும். விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மின்செருகி அங்கே பெரும்பாலும் மூன்று சதுரக் கால் கொண்டது, ஒரு மாற்றுச் செருகி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேன் பேசும்போது வாசனைப் பொருள் தோட்டத்துக்கும் மாணிக்கக் கல் கடைக்கும் நிறுத்தக் கூடாது என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கழிவுப் பணத்துக்காக அங்கே கொண்டுபோய் இறக்குவார்கள். அரை நாள் போய்விடும். பௌர்ணமி நாளில் நாடு முழுவதும் மது விற்பனை கிடையாது, கறிக்கடையும் மூடியிருக்கும். நண்பர்கள் கூட்டத்துக்கு இது முக்கியச் செய்தி என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

பாளைத் தமிழாசிரியை

ஏரல் அண்ணாச்சி சொன்னதோடு சேர்த்து: விகாரைகளில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். நண்பகலில் அந்தக் கற்றளம் காலைச் சுட்டுவிடும். தடித்த காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தால் அங்கே பெருங்குற்றமாகக் கருதுகிறார்கள், காவலர் ஓடிவந்து நிறுத்துவார். தற்படம் எடுக்கும் அந்த நண்பரிடம் விமானம் ஏறும் முன்னரே சொல்லி வையுங்கள். சிகிரியாவின் குகை ஓவியங்களைப் படம் எடுக்கவே கூடாது.

கூட்டமாகப் போகும்போது ஒரே வேகத்தில் அனைவரையும் நடக்க வைக்க முயல வேண்டாம். நாங்கள் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மரத்தையும் ஒரு மணியையும் சொல்லிப் பிரிந்துவிடுவோம். அவரவர் விருப்பம்போலப் பார்த்துவிட்டு அந்த மரத்தடிக்கு வந்து சேருவோம். மனக்கசப்பு வராமல் இருந்ததற்கு அதுவே காரணம். பொதுச் செலவுக்கு ஒரே பை. தனிச் செலவு அதில் கலக்கக் கூடாது.

உணவைப் பற்றி ஒன்று. திருகோணமலையில் இடியப்பத்தோடு சொதி ஊற்றினார்கள். நம் மறுவீட்டு விருந்துச் சொதி அளவுக்குக் காய்கறி இல்லை, தேங்காய்ப்பாலும் மஞ்சளும் மட்டும் தெரிந்தன. எங்கள் கூட்டத்தில் ஒருவர் நம்முடையதுதான் உயர்வு என்று மூன்று தட்டு சாப்பிட்டபடியே வாதாடினார்.

கழுகுமலை வழிப்போக்கன்

கல் விகாரையின் தலையணைப் பள்ளம் ஒன்றுக்காக மட்டும் என் கருத்தைச் சற்றே தளர்த்திக்கொள்கிறேன். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை.

பொருநைக்கரையான்

அனைவருக்கும் நன்றி. நண்பர்களோடு பேசி முடிவு செய்துவிட்டோம்: இறங்கியதும் நேரே அநுராதபுரம், அங்கிருந்து கலாவாவியும் அருகிலுள்ள அவுக்கனப் புத்தர் சிலையும், பிறகு சிகிரியாவில் தங்கிப் பிதுரங்கலை, மாலையில் மின்னேரியா, அடுத்துப் பொலன்னறுவை, கடைசியில் திருகோணமலையில் கோணேசுவரம். கண்டியைச் சேர்க்க ஒருவர் மட்டும் இன்னும் வற்புறுத்துகிறார். திரும்பும் நாளில் கொழும்பில் சில மணி நேரம் மிஞ்சும். பொலன்னறுவையை எப்படிச் சுற்றுவது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

பாளைத் தமிழாசிரியை

கண்டியில் பெரஹரா ஊர்வலம் ஆடி, ஆவணியில்தான் வரும். அந்த நாள்களில் அறை வாடகை பலமடங்காகிவிடும் என்று அவரிடம் சொல்லுங்கள், அடங்கிவிடுவார்.

கொழும்பில் மிஞ்சும் நேரத்துக்குத் தேசிய அருங்காட்சியகம். பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த நடராசர், காரைக்காலம்மையார் செப்புத் திருமேனிகள் அங்கேதான் இருக்கின்றன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டு எனப் பொறித்துக் கொண்டுவந்த காலி மும்மொழிக் கல்வெட்டும் அங்கே உண்டு. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை சொல்லும் கல் அது. தமிழ் எழுத்து தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

மறுகால்

பொலன்னறுவையில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும், நிலம் சமதளம். முழங்கால் வலிக்காரர் மட்டும் ஆட்டோவில் வரட்டும். முதலில் குளத்தங்கரையில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அனுமதிச் சீட்டும் அங்கேதான் கொடுக்கிறார்கள். சிதைந்த கட்டடங்கள் முழுமையாக இருந்தபோது எப்படி இருந்தன என்று மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். வடக்கு நோக்கிப் போய் வெயில் ஏறுமுன் கல் விகாரையை முடித்துவிட்டு, திரும்பும் வழியில் சிவ தேவாலயத்தையும் வேளைக்காரர் கல்லையும் பாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் பராக்கிரம சமுத்திரம் என்ற அந்தப் பெருங்குளத்தின் கரைமேல் வண்டியை விட்டால் நல்ல காற்று. மதகு இருக்கும் இடத்தில் இறங்கி, கரையின் உட்பக்கச் சரிவில் கல் பதித்திருக்கும் விதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அது மட்டும் என்னிடம் இல்லை.